வேளைக்குப் பத்து நிமிடத் திட்டு

கம்பியில்லாத தொலைபேசியை எங்கள் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதற்குச் சார்ஜ் ஏற்றும் கம்பியும் தேவையில்லை என்பதுதான் எங்கள் எம்.டி. பொங்கியண்ணன் சாரின் கண்டுபிடிப்பு. ஹேண்ட்செட்டை வாயருகே வைத்துப் பேசினால் போதும். பேச்சே அதற்குத் தீனி.

இதைக் கேட்ட அன்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பகலில் கோயம்புத்தூர் கணபதியில் உள்ள இந்தக் கம்பெனியில் நான் பரிசோதனை உதவியாளர். மாலை ஆறு மணிக்கு மேல் பாலிடெக்னிக்கில் பகுதிநேர டிப்ளமோ, இரண்டாம் ஆண்டு. கணக்கில் நான் சுமார் என்பதால் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது. ஒரு மனிதர் நாளெல்லாம் பேசினாலும் அந்தச் சத்தத்தில் ஒரு தம்ளர் டீ சூடாகாது. விடை மாறாமல் வந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மாலை வகுப்பில் லாரன்ஸ் சாரிடம் காட்டினேன்.

"கணக்கு சரிதாம்மா. ஒரு தொண்டைக்குள்ள அவ்வளவு சத்து கிடையாது. உங்க முதலாளி எதையோ மறைக்கிறார், கேட்டுட்டு வா" என்றார்.

மறுநாள் எம்.டி.யின் அறைக்குள் போய்க் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னைப் பேசச் சொல்லும் யாரிடமும் அவருக்குக் கோபம் வராது.

"சத்தத்துல இருந்து கரண்ட் எடுக்கறோம்னு யாரு சொன்னது அம்மிணி? கரண்ட் உள்ளயே இருக்குது. பேசற பக்கம் ஒரு சவ்வு இருக்குது, அதுக்குள்ள ஒரு ரசாயனம். அது தூங்கிட்டிருக்கும். சத்தம் போய் அதைத் தட்டி எழுப்பணும், அவ்வளவுதான். லேசாத் தட்டுனா முழிக்காது. ஓங்கித் தட்டுனா எந்திரிச்சு ஒண்ணுக்கு நூறாக் குடுக்கும்."

"அப்போ மெதுவாப் பேசறவங்க என்ன செய்வாங்க சார்?"

"மெதுவாப் பேசறவனுக்கு எதுக்குப் போனு?"

அறையில் இருந்த விற்பனை மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று எழுதி வைக்கத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் கோயம்புத்தூரில் தினமும் நான்கு மணி நேரம் மின்வெட்டு. வெளிநாட்டுக் கம்பியில்லாப் போன்கள் எல்லாம் கரண்ட் போனதும் செத்தன. எங்களுடையது சாகாது என்பதுதான் விளம்பரம். கம்பி உள்ள பழைய போன் மட்டும் மின்வெட்டில் சாகிறதா என்ன? டெலிபோன் லைனிலேயே அதற்கு வேண்டிய மின்சாரம் வந்துவிடும். நாங்கள் சுவரில் பொருத்தும் பெட்டியும் அதை உறிஞ்சித்தான் உயிர் வாழ்ந்தது. ஹேண்ட்செட்டுக்குத்தான் பஞ்சம். இல்லாத ஒரு கஷ்டத்தை உண்டாக்கி அதற்கு மருந்தும் விற்கிறோமோ என்று எனக்குத் தோன்றியது. படித்து முடிக்காதவள் என்பதால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஹேண்ட்செட்டின் முதுகில் ஐந்து பச்சை விளக்குகள். ஒரு விளக்குக்கு இருபது நிமிடப் பேச்சு. சும்மா கிடந்தாலும் நாளுக்கு ஒன்றரை விளக்கு கரையும். எந்தக் குரல் எவ்வளவு ஏற்றும் என்று அட்டவணை போடச் சொன்னார்கள். போட்டேன். தாலாட்டு, பூஜ்யம். செய்தி வாசிப்பு, பத்து நிமிடத்துக்குக் கால் விளக்கு. வாழ்த்து, விசாரிப்பு, "சாப்டீங்களா", பூஜ்யம். பேரம், அரை விளக்கு. திட்டு, இரண்டு விளக்கு.

நான் பிழை செய்திருப்பேன் என்று திரும்ப அளந்தேன். திட்டு, இரண்டு விளக்கு.

அட்டவணையைப் பார்த்து எம்.டி. கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

வியாபாரத்துக்கான மாடலை முதலில் ஒரு துணிக்கடையில் பொருத்தினோம். ஒரு பெட்டி, எட்டு ஹேண்ட்செட், மாடிக்கு இரண்டு. ஒரு வாரம் கழித்துப் போனபோது கடை சந்தையாகியிருந்தது. சேலைப் பிரிவும் வேட்டிப் பிரிவும் போனில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.

"ஏய், எங்கடா அந்தச் சிவப்புப் பார்டரு? உன்னயெல்லாம் எவன்டா வேலைக்கு வெச்சான்?"

"நீ வந்து எடுத்துட்டுப் போடா பெரிய மகாராசா!"

போனை வைத்ததும் இருவரும் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரிப்பு இரண்டாவது வாரம் நின்றுவிட்டது. விளக்கு குறைந்த ஆள் வேலை செய்யாத ஆள் என்று கடை மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசிய ஒரு பெண்ணை விளக்கு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். "போன் பொய் சொல்லுமா?" என்று என்னையே கேட்டார் மேனேஜர். ஊரில் எங்கள் ஹேண்ட்செட் எப்போதும் முழுசாக எரிந்தது இரண்டே இடங்களில். ஒன்று ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அறை. மற்றது எங்கள் எம்.டி.யின் மேஜை.

வீடுகளுக்கான மாடலை இருபது வீடுகளில் சோதித்தோம். கம்பெனி விதிப்படி பழைய கம்பிப் போனை வாங்கிக்கொண்டுதான் புதிதைத் தர வேண்டும். பதினான்காவது வீடு சௌரிபாளையத்தில் இருந்தது. ஓய்வு பெற்ற மில் மேஸ்திரி சென்னியப்பன், அவர் மனைவி மயிலாத்தாள். மகன் பம்பாயில் இருந்தார். சென்னியப்பனுக்கு இதயம் ஒரு முறை நின்று ஓடியிருந்தது. உரக்கப் பேசக்கூடாது, கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கட்டில் பின்னறையில் இருந்தது, போன் முன்னறையில். மயிலாத்தாள் அம்மாவுக்கு முழங்கால் வலி.

"இவரு நெஞ்சப் புடிச்சா நான் இவரப் பாக்கறதா, போனுக்கு ஓடறதா கண்ணு? அதான் கைல வெச்சுக்கற போனு வேணும்னு கேட்டோம்" என்றார்.

இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் கம்பியில்லாத போன் வர வேண்டும். இவர்களிடம்தான் அது வேலை செய்யவில்லை. பெட்டிக்குள் ஒரு தாளில் எப்போது எந்த விளக்கு ஏறியது, எப்போது கரைந்தது என்று பதிவாகும். முதல் வாரத் தாளில் இறங்குகோடு மட்டுமே இருந்தது. இருவரும் நாளுக்கு மணிக்கணக்கில் பேசினார்கள். அத்தனையும் மெல்லிய பேச்சு.

எம்.டி.யிடம் சொன்னேன். மின்வெட்டோ இல்லையோ அந்த வீட்டில் போன் எந்நேரமும் செத்துக் கிடக்கிறது, அவருக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வழியில்லை, பழைய போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"திருப்பிக் குடுத்தா தோல்வின்னு கணக்கு. போய் அந்தம்மாவுக்குப் பேசச் சொல்லிக்குடு."

இந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். நான் அட்டவணை போட்டேன். காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம், மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் மயிலாத்தாள் அம்மா ஹேண்ட்செட்டை வாயருகே வைத்துக்கொண்டு கணவரைத் திட்ட வேண்டும். தாளில் கட்டம் கட்டி எழுதி, மருந்துச் சீட்டுப் போலச் சுவரில் ஒட்டினேன்.

"என்னன்னு கண்ணு திட்டறது?"

"ஏதாச்சும் திட்டுங்கம்மா. நெசமா இல்ல, சும்மா."

அவர் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க மாமா... காப்பி ஆறிப்போச்சுங்க. குடிக்காம வெச்சிருக்கறீங்க."

விளக்கு அசையவில்லை. சென்னியப்பன் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். "இது திட்டாக்கும்? கோயல்ல அர்ச்சனையாட்டம் இருக்குது."

"எனக்கு வரலீங்க."

"முப்பத்தி நாலு வருசத்துல நான் ஒண்ணுமே பண்ணலயா? நல்லா ரோசன பண்ணிப் பாரு."

அவர் யோசித்தார். பிறகு, "எங்கண்ணன் மக கலியாணத்துக்கு என்னயத் தனியா பஸ்ஸேத்தி உட்டீங்க" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "மில்லுல ஸ்டிரைக்குன்னீங்க. ஸ்டிரைக்கு முந்தின நாளே முடிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும். ஒறம்பரை சனமெல்லாம் மாப்ள எங்கன்னு கேக்கறாங்க, நான் மொகத்த எங்க கொண்டுபோய் வெக்கறது? எங்க வெக்கறதுங்கறேன்!"

முதல் விளக்கு எரிந்தது.

"அடேங்கப்பா, அதையா இன்னும் வெச்சிருக்கற?" என்றார் சென்னியப்பன்.

"இன்னும் இருக்குது" என்றார் அவர். பத்தாவது நிமிடத்தில் இரண்டாவது விளக்கு எரிந்தது. நான் நேரம் குறித்துக்கொண்டேன். திட்டி முடித்ததும் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி சுட வெக்கட்டுங்ளா மாமா?" என்று கேட்டார். மூவரும் சிரித்தோம்.

ஐந்து வாரம் பதினான்காம் வீட்டின் தாள் ஒழுங்காக இருந்தது. காலையில் இரண்டு ஏற்றம், மாலையில் இரண்டு ஏற்றம். எம்.டி. என்னைப் பாராட்டினார். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் மயிலாத்தாள் அம்மாவிடம் ஒரு கதை இருந்தது.

"பக்கத்தூட்டுக்காரி வந்து, 'ஏனக்கா, அந்த மனுசன் அப்பிடி என்ன பண்ணுனாரு, தெனமும் இந்தக் கிழி கிழிக்கறீங்க'ங்கறா. போனுக்குங்கறேன். போனுக்குத் திட்டறதுக்கு நாங்க என்ன பைத்தியமான்னு கேக்கறா. பொறவு எங்கண்ணன் கார் எடுத்துட்டு வந்துட்டான். 'ஏன் மச்சான், இந்த வயசுல எந்தங்கச்சியக் கண்ணுல தண்ணி உட வெக்கறீங்களா'ன்னு இவர மொறைக்கறான். நான் சுவத்துல ஒட்டுன சீட்டக் காட்டறேன். 'திட்டறதுக்கு டைம்டேபிளா'ங்கறான்! ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு போய் ஊரெல்லாஞ் சொல்லிட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"தெருவுல இவளுக்கு வாயாடின்னு பேரு வெச்சுட்டாங்க அம்மிணி" என்றார். "முப்பத்தி நாலு வருசத்துல இவ கொரல் வாசப்படி தாண்டுனதில்ல."

அடுத்த வாரம் வியாழக்கிழமை எம்.டி. என்னை அழைத்து லட்டு கொடுத்தார். அன்று காலை மின்வெட்டு நேரத்தில் பதினான்காம் வீட்டில் சென்னியப்பனுக்கு மாரடைப்பு. மயிலாத்தாள் அம்மா எங்கள் ஹேண்ட்செட்டில்தான் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாராம். ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்ததாம். உயிர் பிழைத்துவிட்டார்.

"திட்டினாள், காப்பாற்றினாள்! எப்பிடி?" என்றார் எம்.டி. "இதவிட ஒரு விளம்பரம் நம்ம ஆயுசுல கெடைக்குமா?"

லட்டு கையில் பிசுபிசுத்தது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் மயிலாத்தாள் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது. காலையில் ரொம்பவும் திட்டிவிட்டார் போல என்று நினைத்தேன். டாக்டர் வெளியே வந்து, "காலைல வீட்டுல ஏதாவது சண்டையா? நெஞ்சுக்கு அப்பிடி ஒரு அதிர்ச்சி இருந்திருக்குது" என்று கேட்டார். மயிலாத்தாள் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டித் தாளை எடுத்தேன். இரண்டு நாட்களாக ஏற்றமே இல்லை. வியாழன் காலை எல்லா விளக்கும் அணைந்திருந்தன. ஒன்பது பத்துக்குக் கோடு எழும்பத் தொடங்கியது. ஒன்பது பதினெட்டுக்குள் ஐந்து விளக்கும் எரிந்துவிட்டன. எட்டு நிமிடத்தில் ஐந்து விளக்கு. மயிலாத்தாள் அம்மா வழக்கமாக ஏற்றுவதைப் போல மூன்று மடங்கு வேகம். அப்படி ஒரு ஏற்றம் இருபது வீடுகளில் எங்கும் இல்லை.

எது போனை ஏற்றியதோ அதுதான் சென்னியப்பனைச் சாய்த்தது. இவ்வளவு எனக்குப் புரிந்தது. வேகம்தான் புரியவில்லை. அந்த அம்மாவின் தொண்டையில் அவ்வளவு சத்தம் இல்லை என்று என் தாள்களே சொல்லின. ஆனாலும் நான் ஓரத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "கருவிப் பிழையாக இருக்கலாம்." எனக்குப் புரியாததை எல்லாம் கருவியின் தலையில் கட்டுவதற்கு நானும் பழகிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து சென்னியப்பன் வீடு திரும்பினார். ஒரு மாதத்துக்கு வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. பேசுவதற்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாளே எங்கள் எம்.டி. வீடியோ கேமரா ஆளோடு போய் இறங்கினார். சினிமா தியேட்டரில் இடைவேளையில் போடும் விளம்பரம். வீட்டுக்காரர்களுக்குப் பழக்கமான முகம் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்.

"அம்மா, ஒண்ணுமில்ல" என்றார் எம்.டி., கட்டிலின் ஓரத்தில் தானே உட்கார்ந்துகொண்டு. "அன்னிக்குக் காலைல எப்பிடித் திட்டுனீங்களோ அதே மாதிரி ஒரு தரம் திட்டுங்க. ஐயா சும்மா சாஞ்சு நெஞ்சப் புடிச்சாப் போதும். அவரு பேச வேண்டியதில்ல, பாருங்க, நமக்கு வசதியாப் போச்சு."

ஹேண்ட்செட்டை அந்த அம்மாவின் கையில் திணித்தார். விளக்கு ஒன்றும் எரியவில்லை. மயிலாத்தாள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்டை இப்போது சரியாகியிருந்தது.

"அன்னிக்குக் காலைல நான் ஊட்லயே இல்லீங்க" என்றார்.

"என்னது?"

"ரேசன் கடைல சீமெண்ணைக்கு நின்னுட்டிருந்தேன். எனக்கு ரெண்டு நாளாத் தொண்ட கட்டிக் கொரலே வரல, பொறவு ஆஸ்பத்திரிக்குக்கூடப் பக்கத்தூட்டுக்காரிதான் இதுல பேசுனா. போனு செத்துக் கெடந்துது. ஒம்பது மணிக்குக் கரண்ட் வேற போயிரும், சீக்கிரம் வந்தர்றேன்னு சாடை காட்டிட்டுப் போனேன்." கட்டிலைப் பார்த்தார். சென்னியப்பன் சிலேட்டைத் தேடினார். அது எம்.டி.யின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

"கத்துனது இவருங்க. கதவச் சாத்திட்டு, இந்த ஜாமானத்த வாயில வெச்சுட்டுக் கத்தியிருக்கறாரு. பக்கத்தூட்டுக்காரி சொன்னா. 'நூலு அந்து போச்சு, பிரேமு மெசின நிறுத்துடா'ன்னு, மில்லுல மெசினு சத்தத்துக்கு மேல கத்துவாரில்ல, அந்தக் கத்து. முப்பது வருசம் கத்துன கொரலு. டாக்டரு வேண்டாம்னாரு. தெரிஞ்சேதான் கத்தியிருக்கறாரு."

"ஏம்மா?" என்று கேட்டது நான்தான்.

"எனக்கு வாயாடின்னு பேரு வந்துதாமா, அதுக்கு!"

அந்த இடத்தில் அவர் குரல் உடைந்து எழுந்தது. அறையின் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது. "இனி நீ கத்த வேண்டாம், நானே ஏத்திர்றேன்னு மொதல் நாளு சொன்னாரு, நான் வெளயாட்டுன்னு நெனச்சேன்! நான் சீமெண்ண டின்னத் தூக்கிட்டு வந்து பாக்கறேன், கட்டுலுக்குக் கீழ கெடக்கறாரு, கைல இது பளபளன்னு எரியுது! மனுசன் அணையறான், இது எரியுது! இதக் கொண்டாந்து எங்கூட்டுல வெச்சவன் எவன்? நோயாளி இருக்கற ஊட்டுல சத்தம் போடு, சத்தம் போடுன்னு சீட்டு ஒட்டுனது எவ? சொல்லுங்க! யாரக் காப்பாத்துச்சு இது? யாரக் காப்பாத்துச்சுங்கறேன்!"

சீட்டு ஒட்டியவள் நான். எம்.டி.யைப் பார்த்தேன். அவராவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மயிலாத்தாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மூன்றாவது விளக்கு எரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. பின்பக்கமாகக் கையை ஆட்டி, "தம்பி, லைட்டப் புடி, லைட்டப் புடி" என்று கேமராக்காரரிடம் கிசுகிசுத்தார்.

மயிலாத்தாள் அம்மாவும் அப்போதுதான் கையைப் பார்த்தார். மூன்று விளக்குகளையும் பார்த்தார். பாதி வார்த்தையில் நிறுத்தினார். மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு ஹேண்ட்செட்டை மெத்தை மேல் வைத்துவிட்டு, கணவரின் போர்வையைச் சரி செய்துகொண்டே, வீட்டுக்குள் பேசும் தன் பழைய குரலில் ஏதோ சொன்னார். நான்காவது விளக்கு அரைகுறையாகத் துடித்து அடங்கியது.

"அம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் எம்.டி. "ஒண்ணுமே கேக்கல."

எனக்குக் கேட்டிருந்தது. "இதை எடுத்துட்டுப் போயிரு கண்ணு" என்று சொல்லியிருந்தார்.

முன்னறைக்குப் போய்ப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன். "யாரக் கேட்டுக் கழட்டற? நாளையில இருந்து வர வேண்டாம்!" என்று எம்.டி. உள்ளேயிருந்து கத்தினார். நன்றாகத்தான் கத்தினார், ஐந்து விளக்குக்குத் தாங்கும். லைன் வரும் இடத்திலிருந்து பின்னறைக் கட்டிலின் தலைமாடு வரை, சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தேன். கம்பி உள்ள போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப் பதினொன்றரை மீட்டர் வயர் வேண்டும்.

இரண்டாவது முறையும் அளந்தேன். பதினொன்றரைதான்.